ஆசீர்வாதத்தின் இரைச்சல் நோட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் குரோம்பேட்டையில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். கவிதாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் உடலியங்கியல் துறையில் எனக்கு அடுத்த நிலையில் இருப்பவள். விடுமுறை நாளில் என்னைக் கூப்பிடும் தைரியம் அவளுக்குக் கிடையாது. எடுத்தவுடனே அழுதாள்.

"மேடம், ஆசீர் அண்ணா தவறிட்டாராம். வாக்கிங் போயிட்டு வந்து, வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே விழுந்துட்டாராம். ஹாஸ்பிடல் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம். ஹார்ட்டுன்னு சொல்றாங்க."

"இன்னா லில்லாஹி" என்று, சாவுச் செய்தி கேட்டால் எங்கள் வீட்டில் சொல்வதை வாய் தானாகச் சொன்னது. வரிசையை விட்டு விலகி, பக்கத்துக் கடையின் மூடிய ஷட்டரில் சாய்ந்து நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. கையிலிருந்த காய்கறிப் பை கீழே விழுந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஆசீர்வாதத்தின் நெஞ்சில் மூன்று நாள் ஒட்டியிருந்த, இதயத்துடிப்பைப் பதியும் ஒரு பட்டையின் அறிக்கை என் கண் முன்னால் நின்றது. 'இயல்பு' என்ற வார்த்தை. அதன் பக்கத்தில் என் கையெழுத்து. அடியில் சின்ன எழுத்தில், பதிவில் நான்கு சதவீதம் இரைச்சல் என்று நீக்கப்பட்டதாக ஒரு வரி. அந்த நான்கு சதவீதத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். எங்கள் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் படித்த யாரும் ஆய்வகத் தொழில்நுட்பர் ஆசீர்வாதத்தின் கைபடாமல் வெளியே போயிருக்க முடியாது. முதன்முதலாக உங்கள் மணிக்கட்டில் எலெக்ட்ரோடு ஒட்டி, "பயப்படாதீங்க, எனக்குத்தான் உங்களைவிட பயம்" என்று சொன்னவர் அவர்தான். உங்களுக்கு அவர் ஆசீர் அண்ணா. எனக்கு ஆசீர். வயதில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். நான் பேராசிரியர் என்பதால் கடைசிவரை "மேடம்" என்றே கூப்பிட்டார்.

பயந்த மனிதர், அதில் சந்தேகமில்லை. லிஃப்டில் ஏறமாட்டார். இடி இடித்தால் ஆய்வகத்தில் இருக்கிற எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நடு அறையில் நிற்பார். நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் செம்பாக்கம் ஏரியை நினைத்து மதியச் சாப்பாடு இறங்காது அவருக்கு. வீடு ஏரிக்கரைக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டரில் அப்டேட் என்று ஒரு கட்டம் வந்தால் போதும், வியர்த்துவிடும். "பழசு நல்லாத்தானே தூங்குது மேடம், அதை எதுக்கு எழுப்புறோம்?" என்பார். நான் அதற்கு நேர்மாறு. எங்கள் அத்தா, அதாவது அப்பா, ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். புது மெஷின் வந்தால் பெட்டியைப் பல்லால் கடித்துத் திறக்கிற ரகம் நான். என் வாயைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். இருபது வருடம் அந்த மனிதரை வறுத்தெடுத்திருக்கிறேன்.

அவருடைய நோட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. இதயத்துடிப்பையோ ரத்த ஓட்டத்தையோ கருவியில் பதிவு செய்யும்போது, உடம்புக்குச் சம்பந்தமில்லாத கிறுக்கல்களும் கோட்டில் வந்து விழும். மின்விசிறி, தளர்ந்த ஒயர், கையை ஆட்டுவது, பக்கத்தில் ஓடும் மோட்டார் என்று எத்தனையோ. அதைத்தான் நாங்கள் இரைச்சல் என்கிறோம். எல்லா ஆய்வகத்திலும் அதை வெட்டிப்போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் ஆசீர்வாதம் ஒரு சட்டம் வைத்திருந்தார்: காரணம் தெரியாத இரைச்சலை வெட்டக் கூடாது. அதற்காகச் சிவப்பு முதுகு போட்ட நீள நோட்டு ஒன்று. அதில் நான்கு கட்டம். நேரம், இரைச்சல், காரணம், காரணத்தைக் கண்டவர் கையெழுத்து. அடித்தல் திருத்தல் கூடாது. மூன்றாவது கட்டம் நிரம்பாதவரை அந்தப் பதிவை யாரும் தொடக் கூடாது.

ஒருமுறை, விரல் நுனியில் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளக்கும் சென்சார் புதிதாக வாங்கினோம். தினமும் காலை பத்தே முக்காலுக்கு அலை சட்டென்று பாதியாகச் சுருங்கியது. யார் விரலில் மாட்டினாலும் அதே கதை. கம்பெனிக்காரனுக்கு எட்டு மெயில் அனுப்பினேன். எட்டாவதில் மரியாதை கொஞ்சம் குறைந்துபோயிருந்தது. ஆசீர்வாதம் ஒன்றும் சொல்லாமல் நான்கு நாள் நோட்டும் பேனாவுமாக ஆய்வக வாசலில் நின்றார். ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்தார்.

"மேடம், டீக்காரர்."

"எனக்கு டீ வேணாம் ஆசீர்."

"இல்ல மேடம், காரணமே அவர்தான். வராண்டா முக்குல எவர்சில்வர் டம்ளர் டிரேயை டமால்னு வைக்கிறாரு. உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்குத் திடுக்குன்னு ஆகுது. ரத்தக்குழாய் சுருங்கிடுது. மெஷின் மேல தப்பே இல்ல."

சோதித்துப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி. கருவியின் கோளாறு என்று நான் சண்டை போட்டது உடம்பின் உண்மையான வேலை. "இரைச்சல்னு நாம சொல்றது, நமக்குப் புரியாததைத்தான் மேடம்" என்றார். நோட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'டம்ளர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்காரனுக்கு நான் மன்னிப்புக் கேட்டு ஒன்பதாவது மெயில் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை.

இன்னொரு வழக்கமும் உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக எந்தக் கருவி வந்தாலும், வெளியாட்கள் உடம்பில் வைப்பதற்கு முன்னால் எங்களில் ஒருவர் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் உடம்பு என்போம். யார் முதல் உடம்பு என்று பேச்சே கிடையாது, ஆசீர்வாதம் சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு பயமும் வைத்துக்கொண்டு. "நம்ம உடம்புல வெக்காததை அடுத்தவங்க உடம்புல வெக்கக் கூடாது மேடம். பயமாத்தான் இருக்கு. பயந்துகிட்டே வெச்சுக்கலாம்."

மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளக்கும் முகமூடி வந்தபோது அப்படித்தான். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும் ரப்பர். மாட்டின உடனே மனிதர் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டார். கண் பிதுங்குகிறது. உட்கார்ந்த இடத்திலேயே இதயம் நூற்று இருபதைத் தாண்டி ஓடுகிறது. "கழட்டிடவா?" என்றேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார். பத்து நிமிடமும் உட்கார்ந்தார். அந்தப் பதிவைக் கவிதா அச்செடுத்து, மேலே 'ஆசீர் பயம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். அவரும் சிரித்தார். வருகிறவர்களிடமெல்லாம் அவரே காட்டுவார். அன்றிலிருந்து யாருடைய பதிவில் துடிப்பு வேகமாக வந்தாலும், "என்ன, ஆசீர் பயமா?" என்று கேட்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. தாள் பழுப்பேறுகிறது என்று அதை லேமினேட் செய்து கொடுத்தது நான்தான்.

இனி அந்தப் பட்டைக்கு வருகிறேன். இதற்கு முன்னால் நிறுத்திவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

வெயிலில் வேலை செய்கிறவர்களின் இதயம் கோடையில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க நினைத்தோம். தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் ஆட்டோ ஓட்டுபவர்கள், பூ விற்பவர்கள், சாலை போடுபவர்கள் என்று நாற்பது பேர். முன்பெல்லாம் இப்படி ஒரு காரியத்தை நினைத்தே பார்க்க முடியாது. ஒயர் தொங்கும் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு யார் பூக்கட்டுவார்கள்? இப்போது விரல் நீளத்துக்கு ஒரு பட்டை வந்திருக்கிறது. இடது நெஞ்சில் ஒட்டிவிட்டால் மூன்று நாள் ஒவ்வொரு துடிப்பையும் எழுதிக்கொள்ளும். ஆள் அசைகிறாரா, சும்மா இருக்கிறாரா என்பதையும் சேர்த்தே எழுதும். அதோடு ஒரு மென்பொருள். மூன்று நாள் பதிவைச் சில நிமிடங்களில் படித்து, இரைச்சலைத் தானே நீக்கி, அறிக்கையே எழுதிக் கொடுத்துவிடும். பெட்டியைப் பிரித்த அன்று எனக்குக் கால் தரையில் இல்லை.

ஆசீர்வாதம் முதல் உடம்பு. ஒரு வியாழக்கிழமை ஒட்டிக்கொண்டு போனவர், ஞாயிற்றுக்கிழமை வரை அதோடு இருந்தார். திங்கட்கிழமை பதிவை ஏற்றினோம். மென்பொருள் பல இடங்களில் மஞ்சள் கோடு போட்டு, 'சந்தேகம், கண்ணால் பார்க்கவும்' என்றது. எழுபத்திரண்டு மணி நேரப் பதிவு. அதில் ஒவ்வொரு மஞ்சளாக உட்கார்ந்து பார்ப்பதென்றால் ஒருவருக்கே ஒரு நாள் போய்விடும். நாற்பது பேருக்கு எங்கே போவது? இரைச்சல் நீக்கும் அளவு என்று ஓர் இடம் இருந்தது. நடுவில் இருந்ததை நான் கடைசி எல்லைக்குத் தள்ளினேன். மஞ்சள் எல்லாம் மறைந்தது. நான்கு சதவீதம் இரைச்சல், மீதி இயல்பு.

"மேடம், எடுத்துப்போட்டதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டார்.

"எங்கயும் போகல. பின்னாடி மூலப் பதிவுல அப்படியே இருக்கு."

"அப்ப ஒருவாட்டி பார்த்துடலாமா? நோட்டுல எழுதணும்ல."

"ஆசீர், மே மாசம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்காது. இனிமே நோட்டு வேலையை இதுவே பார்த்துக்கும்."

அவர் போகவில்லை. மேசை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றார். "இல்ல மேடம், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மாதிரி படபடன்னு வந்துச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அது எதுல விழுந்திருக்குன்னு..."

நான் திரைமேலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "உங்களுக்கு எப்போ படபடன்னு இல்லாம இருந்திருக்கு? ஆசீர் பயம்தான், வேறென்ன!"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அடக்கத்தன்று தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வேப்ப மரத்தின் கீழ் நின்றிருந்தேன். பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. யாராவது வந்து அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை, அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. ஆசீர்வாதத்தின் மச்சான், அதாவது அவர் மனைவி எஸ்தரின் தம்பி, என்னைக் கையைக் காட்டிச் சொந்தக்காரர் ஒருவரிடம் சொன்னார்: "ஹார்ட்டுல ஒண்ணுமே இல்லண்ணே. இவங்க டிபார்ட்மென்ட்லயே மூணு நாள் மெஷின் வெச்சுப் பார்த்தாங்க. மேடமே நார்மல்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. வேளை வந்துடுச்சு, அவ்ளோதான்." சொந்தக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அன்று நான் கடைசிவரை இருக்கவில்லை.

மூலப் பதிவு என் கம்ப்யூட்டரில் இருந்தது. திறக்க இரண்டு நிமிடம் ஆகாது. ஒரு மாதத்துக்கு மேல் திறக்கவில்லை. அந்தக் கோப்பின் பெயர் கண்ணில் படாமல் இருக்க அதன் மேல் வேறு எதையாவது திறந்து வைப்பேன். தானாக அழிந்துபோனால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். படித்த பெண், இதயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், ஒரு கோட்டைப் பார்க்கப் பயந்து நடுங்கினேன். சுவரில் இருந்த 'ஆசீர் பயம்' லேமினேட் தாளை ஒருநாள் கழற்றி அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தேன். சுவரில் சதுரமாக வெள்ளைத் தடம் விழுந்திருந்தது.

கல்லூரி மலருக்கு ஆசீர்வாதத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் சொன்ன வார்த்தைகள் நான்கைந்து வேண்டும் என்று அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தேன். மென்பொருள் வந்த பிறகு நோட்டை அவர் நிறுத்தியிருப்பார் என்றே நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. எனக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். தன் மூன்று நாளையும் எழுதியிருந்தார். பிறகு அந்த நாற்பது பேருக்கும் தினமும் சாயங்காலம் போன் செய்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருந்தார்.

அவருடைய பக்கத்தின் மேலிருந்த தேதியைப் பார்த்ததுமே, முழுவதும் படிக்காமலே, புரிந்துவிட்டது. இனி திறக்காமல் முடியாது. கவிதாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்று அவளிடமே சொன்னேன். நீக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரையில் எடுத்தேன். அவள் நோட்டிலிருந்து படித்தாள்.

"வியாழன் சாயங்காலம் ஆறு பத்து. ஷேர் ஆட்டோ, வேகத்தடை."

கோடு துள்ளியிருந்தது. அசைவைக் காட்டும் கோடும் கூடவே துள்ளியிருந்தது. சரி.

"ஏழே கால். கிரைண்டர்ல மாவு தள்ளிவிட்டேன்."

சரி.

"வெள்ளி காலை ஏழரை. குளித்துவிட்டுத் துண்டால் துடைத்தேன். பட்டைமேல் பட்டுவிட்டது."

சரி. ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த என் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மனிதர் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். கவிதா திடீரென்று படிப்பதை நிறுத்தினாள். நோட்டை என் பக்கம் திருப்பினாள். அவருடைய குண்டு குண்டான எழுத்து:

'வெள்ளி மதியம் மூன்று இருபது. அரை நாள் லீவு. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் படபடப்பு. அசையவில்லை. காரணம் தெரியவில்லை. மேடத்திடம் கேட்க வேண்டும்.'

அதன் கீழே, வேறு மையில்:

'கேட்டேன். பயம் என்றார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பயம் எதுவும் இல்லை.'

காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்துக் கட்டமும் காலி.

மூன்று இருபதைத் திரைக்குக் கொண்டுவந்தேன். பதினோரு விநாடி. அகலமான, வேகமான, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் துடிப்புகள். அசைவைக் காட்டும் கோடு அடியில் நேராகப் படுத்திருந்தது. ஓர் அசைவும் இல்லை. முதலாண்டு மாணவருக்குக் காட்டினால்கூட இது ஒயரோ வியர்வையோ இல்லை என்று சொல்லிவிடுவார். இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பிய தப்பான ஓட்டம் அது. யா அல்லாஹ் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கவிதா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

இதய மருத்துவராக இருக்கும் என் தோழி ஒருத்தியிடம் எடுத்துக்கொண்டு போனேன். நீண்ட நேரம் பார்த்தாள். "இதைப் பார்த்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது மும்தாஜ். பார்த்திருந்தா அன்னைக்கே அவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருப்பேன். அவ்ளோதான் சொல்ல முடியும்" என்றாள். அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு இரண்டாவது வாக்கியம்தான் காதில் நின்றது.

செம்பாக்கத்துக்குப் போனேன். அந்த நாற்காலி இன்னும் வாசலில் கிடந்தது. எஸ்தர் உள்ளே உட்காரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வார்த்தையை அளந்துதான் பேசுவார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அளவைத் தள்ளியது, அவர் வந்து கேட்டது, நான் சொன்ன கிண்டல், எல்லோரும் சிரித்தது, பதினோரு விநாடி. ஒன்றையும் விடவில்லை. திட்டுவார், வெளியே போகச் சொல்வார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மத்தவங்களோடத பார்த்தீங்களா மேடம்?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஆட்டோக்காரங்க, பூக்காரம்மா. தினம் சாயங்காலம் இங்க உக்காந்துதான் அவங்களுக்கு போன் பண்ணுவாரு. 'சாப்டியா, தண்ணி குடிச்சியா, இன்னைக்கு என்ன ஆச்சு'ன்னு. அவங்களோடதும் அதே மெஷின்ல, அதே மாதிரி வெட்டினதுதானே? பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்ப இங்க என்ன பண்றீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. இருபது வருடம் நான் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து வந்துவிட்டேன். செருப்பைப் போடும்போது கால் நுழையவில்லை. அந்த இடத்தில்தான் அவர் விழுந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து நானும் கவிதாவும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாற்பது பேரின் மூலப் பதிவும் இருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்பதை ஆசீர்வாதம் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார். காரணம் எழுதாமல் காலியாக விட்ட கட்டங்களை முதலில் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒன்றுமில்லை. வியர்வையில் பட்டை நழுவியது, குழந்தை பிடித்து இழுத்தது என்று நாங்களே போன் செய்து கேட்டு நிரப்புகிறோம். ஆனால் ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் திரையில் அந்த நேரத்தைக் கொண்டுவருவதற்கு முன்னால் மவுஸிலிருந்து ஒருமுறை கையை எடுத்துவிடுகிறேன். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

பீர்க்கன்கரணையில் ஆட்டோ ஓட்டும் பாபுவை ஆசீர்வாதத்தோடு சேர்த்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டையை ஒட்டும்போது, "இன்னாண்ணா, இத்த ஒட்டிகினு மூணு நாள் வண்டி ஓட்டணுமா? ஷாக்கு கீக்கு அடிக்காதே?" என்று அவர் பின்வாங்கினார். "எனக்கே அடிக்கல தம்பி. என்னைவிட பயந்தவன் தாம்பரத்துல கிடையாது" என்று ஆசீர்வாதம் சட்டையை விலக்கி, தன் நெஞ்சில் பட்டை இருந்த தடத்தைக் காட்டினார். பாபுவின் இரண்டாம் நாளில் ஒரு காலிக் கட்டம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆறு விநாடி. அதே அகலம், அதே ஓட்டம், அடியில் அதே நேர்கோடு.

உடனே போன் செய்தேன். பாபு சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். ஹாரன் சத்தம் கேட்டது. நாளைக் காலையே மருத்துவமனைக்கு வர வேண்டும், அதுவரை வண்டி எடுக்கக் கூடாது என்றேன்.

"இன்னா மேடம் சொல்றீங்க? நான் நல்லாத்தானே கீறேன். எனக்கு இன்னா கீது? அண்ணன் எங்க, அவரு பேசச் சொல்லுங்க."

ஆசீர்வாதம் இறந்த செய்தி அவருக்குத் தெரியாது. அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் பாபு வந்தார். அவர் மனைவியும் வந்திருந்தார், அழுதுகொண்டே. தோழியிடம் சேர்த்துவிட்டேன். பரிசோதனைகள் நடக்கின்றன. என்னவென்று இன்னும் தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எனக்குக் கறிக்கடை வரிசை ஞாபகம் வருகிறது.

நினைவஞ்சலியில் போனவரைப் பற்றித்தான் பேச வேண்டும், எழுதுகிறவள் தன் தப்பைப் பேசக் கூடாது என்று சிலர் சொல்லலாம். ஆசீர்வாதத்தைப் பற்றி எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. அவரை நாமெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் செல்லமாகச் சிரித்தோம். பயந்துகொண்டே ஒவ்வொரு முறையும் முதலில் உட்கார்ந்தவர் அவர். பயப்படாமல் பின்னால் நின்று பொத்தானை அழுத்தியவள் நான். புதுக் கருவிகளை நான் இப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினோரு விநாடியையும் பிடித்தது அந்தப் பட்டைதான். பிடித்ததைத் தூக்கிப்போடச் சொன்னது நான்.

எஸ்தரிடம் கேட்டு அந்த நோட்டை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அவருடைய பயமும்தான். நேற்று அவருடைய பக்கத்தைத் திருப்பி, மூன்று இருபதுக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தில் 'இதயம்' என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். கண்டவர் கையெழுத்து என்று மேலே அச்சடித்த மாதிரி அவர் எழுதியிருக்கிறார். என் பெயரை அங்கே அப்படியே விட மனம் வரவில்லை. பக்கத்தில், 'ஆறு மாதத்துக்கு மேல் பார்க்காதவர்' என்று சேர்த்து எழுதினேன்.

இன்னும் பதினேழு பேருடைய பதிவு பாக்கி. பயமாக இருக்கிறது, ஆசீர். பயந்துகொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.